டியூப் ஸ்கிரீமரையே மாற்றி மாற்றிக் கட்டிச் சலித்துவிட்டது: சொந்தமாக ஒரு ஓவர்டிரைவ் பெடலை எங்கிருந்து தொடங்குவது?

பதிவு 1 · ஆறுகம்பி

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன்.

இதுவரை மூன்று ஓவர்டிரைவ் பெடல் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) கட்டிவிட்டேன். மூன்றுமே ஐபனீஸின் பிரபலமான டியூப் ஸ்கிரீமரின் நகல்தான், அலையின் முனையை வெட்டும் டையோடு மட்டும் வேறு. முதலாவதில் 1என்4148 என்ற சாதாரண சிலிக்கான் டையோடு, இரண்டாவதில் சிவப்பு எல்இடி, மூன்றாவதில் அலைந்து வாங்கிய ஜெர்மேனியம். என் காதுக்கு மூன்றும் வேறு வேறாகத்தான் கேட்டன. எங்கள் டிரம்மரைக் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன். "ஒண்ணு சத்தம் ஜாஸ்தி, ஒண்ணு கம்மி, மத்தபடி ஒரே பெடல்தானே" என்றான். மனசு விட்டுப்போச்சு.

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. நான், டிரம்ஸ், ஒரு பாடகி, அவ்வளவுதான். சிங்கிள் காயில் கிட்டார், 15 வாட் ஆம்ப். பெடலை மிதித்தால் சோலோ பிரமாதம், ஆனால் கார்டு அடிக்கும்போது அடிவயிறே காணாமல் போகிறது. அடுத்ததாக ஒரு பக்கம் ஜெர்மேனியம், மறுபக்கம் மாஸ்ஃபெட் போட்டுப் பார்க்கலாமா? எந்த டையோடு சரியாக வரும்? இந்த முறை யாருடைய சர்க்யூட்டையும் அப்படியே எடுக்காமல் என்னுடையதாக ஒன்று செய்ய ஆசை.

பதிவு 2 · ஈயப்புகை

தம்பி, டையோடை விடுங்கள். உங்கள் டிரம்மர் சொன்னது சரி. அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் ஸ்கிரீமரில் டையோடு ஆப்-ஆம்பின் (சத்தத்தைப் பெருக்கும் சிப்) ஃபீட்பேக்கில், அதாவது வெளியே போவது மறுபடி உள்ளே திரும்பும் பாதையில், இருக்கிறது. சிப்பின் மைனஸ் காலிலிருந்து தரைக்கு (கிரவுண்டுக்கு) 4.7 கே ரெசிஸ்டரும் 47 நானோ கெப்பாசிட்டரும் வரிசையாகப் போகின்றன, பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டும்தான் இந்தப் பெடலின் குணம். கணக்குப் போட்டால் 720 ஹெர்ட்ஸ் வரும். அதற்கு மேலே உள்ள சத்தத்துக்கு முழு பெருக்கம், கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும்.

இந்த 720 எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். தடித்த கம்பியைச் சும்மா விட்டு அடித்தால் 82 ஹெர்ட்ஸ். மெல்லிய கம்பி 330. அதே மெல்லிய கம்பியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பிடித்தாலும் 659தான். அதாவது நீங்கள் கார்டு அடிக்கிற இடத்தில் அடிப்படை ஸ்வரங்கள் எல்லாமே அந்த 720 என்ற கோட்டுக்குக் கீழே கிடக்கின்றன. டிரைவ் குமிழை முழுக்கத் திருப்பினால் நடுச்சத்தத்துக்கு 118 மடங்கு பெருக்கம். 82 ஹெர்ட்ஸுக்கு 13தான். அடிவயிறு எங்கே போனது என்பதற்கு இதுதான் பதில். மூன்று பெடலிலும் இந்த இரண்டு பாகத்தையும் நீங்கள் தொடவில்லை. அதனால்தான் மூன்றும் ஒரே பெடல்.

இதைக் குறை என்று சொல்லவில்லை. பேஸ் கிட்டாரும் சூடான வால்வு ஆம்பும் இருக்கிற மேடையில் இந்த வெட்டுதான் கிட்டாரைத் தூக்கிக் காட்டுகிறது. உங்கள் குழுவின் நிலைமை வேறு. உங்கள் வடிவமைப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் வேலை: பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் பாகங்களைக் குத்திப் பார்க்கும் பலகை) போட்டு 47 நானோவை 100 ஆக்குங்கள், அப்புறம் 220. கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

பதிவு 3 · பழையவால்வு

ஈயப்புகை சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்ள முடியாது. சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? ஜேஆர்சி4558 போட்ட பெடலுக்கும் டிஎல்072 போட்டதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாற்பது வருடமாக வாசிக்கிற காது இது. பழைய சிப்பில் ஒரு குழைவு உண்டு.

பதிவு 4 · கரகரப்பு

சார், உங்கள் காதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிப்பைக் கழற்றி மாட்டும் சாக்கெட் வைத்து ஒரே பெடலில் சிப்பை மட்டும் மாற்றிப் பார்த்தீர்களா, இல்லை இரண்டு தனிப் பெடலையா? தனித்தனிப் பெடல் என்றால் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் விலகியிருக்கும். 500 கே என்று எழுதிய பாட்டை மீட்டரில் பிடித்தால் 430 காட்டும், இன்னொன்று 560 காட்டும்.

சிப் எங்கே முக்கியம் என்றால், அது திணறுகிற இடத்தில். ராட் என்ற இன்னொரு பிரபலமான பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் சிப் எல்எம்308. வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் 0.3 வோல்ட்தான் ஏற முடியும், அவ்வளவு சோம்பேறி. டையோடு ஃபீட்பேக்கில் இல்லை, வெளியே தரைக்குப் போகிறது. அதனால் சிப் மேலும் கீழும் சுவரில் முட்டுகிற அளவுக்கு ஓட வேண்டியிருக்கிறது, ஓட முடியாமல் முனைகள் மழுங்குகின்றன. அங்கே சிப்பை மாற்றினால் காது கேளாதவருக்கும் தெரியும்.

டியூப் ஸ்கிரீமரில் டையோடு ஆப்-ஆம்பைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறது. அரை வோல்ட், முக்கால் வோல்ட்டுக்கு மேல் அது ஆடுவதே இல்லை. அந்தச் சின்ன ஆட்டத்துக்கு 4558ம் போதும், டிஎல்072ம் போதும்.

ஒரு விஷயம், எந்தச் சோதனைக்கும் முன்னால் சத்தத்தைச் சமமாக்குங்கள். எல்இடி சுமார் 1.7 வோல்ட்டில் வெட்டும், சிலிக்கான் 0.6, ஜெர்மேனியம் 0.3 பக்கம். சத்தம் கூடினால் காது அதையே "திறந்த ஒலி" என்று சொல்லிவிடும். எனக்கே எத்தனை தடவை ஆகியிருக்கிறது.

பதிவு 5 · பழையவால்வு

தனிப் பெடல்கள்தான். ஒப்புக்கொள்கிறேன்.

சாக்கெட் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் "அந்தக் காலத்துச் சரக்கு" என்று கொடுத்த நான்கு சிப்பில் எழுத்தை நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. எனவே என் சோதனையில் 4558 என்று நான் நினைப்பது என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

பதிவு 6 · ஆறுகம்பி

அண்ணா, செய்துவிட்டேன். 100 நானோவிலேயே ஆள் மாறிவிட்டான். ஒரே ஒரு கெப்பாசிட்டர், நான் டையோடுக்குச் செலவழித்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

220 போட்டபோது டிரைவ் குறைவாக இருந்தால் சொர்க்கம். டிரைவைத் திருப்பத் திருப்ப தடித்த கம்பி "புர்ர்" என்று கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி ஆகிறது. பவர் கார்டு பரவாயில்லை, முழு மேஜர் கார்டு அடித்தால் சேறு. ஏன் அப்படி?

பதிவு 7 · ஈயப்புகை

ஏனென்றால் வெட்டும் இடத்தில் எது பெரிய அலையோ அதுதான் ராஜா. தடித்த கம்பியின் அலை பெரியது. அது டையோடைத் திறந்து வைத்திருக்கிற நேரம் முழுக்க மேலே சவாரி செய்கிற மெல்லிய கம்பிகளின் அலையும் சேர்ந்து நசுங்குகிறது.

அதோடு, இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து வெட்டினால் இரண்டின் கூட்டலும் கழித்தலும் புதிதாகப் பிறக்கும். 82ம் 123ம் சேர்ந்த பவர் கார்டில் கழித்தால் 41. சரியாக ஒரு எண்மம் (ஆக்டேவ்) கீழே, அதனால் இனிக்கிறது. 82ஓடு மேஜர் மூன்றாம் ஸ்வரமான 104 சேர்ந்தால் கழித்தலில் 22 வருகிறது, கூட்டலில் எதோடும் ஒட்டாத இன்னொன்று. நீங்கள் சேறு என்று சொன்னது இதைத்தான்.

பழைய ஆட்கள் எல்லோரும் முன்னால் அடிச்சத்தத்தை வெட்டிவிட்டு, டையோடைத் தாண்டிய பிறகு மேல்சத்தத்தை மழித்தது இதற்காகத்தான். ஓவர்டிரைவ் வடிவமைப்பு என்பது முக்கால்வாசி இந்த முன்வெட்டும் பின்மழிப்பும்தான் என்பது என் கட்சி. டையோடு நடுவில் நிற்கிற கத்தரிக்கோல். துணியை எப்படி மடித்துக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் சட்டையின் வடிவம் இருக்கிறது.

சரி, உங்களுக்கு அடிச்சத்தமும் வேண்டும், சேறும் கூடாது. ராட் பெடலில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. மைனஸ் காலிலிருந்து தரைக்கு ஒரு பாதை இல்லை, இரண்டு. 47 ஓமும் 2.2 மைக்ரோவும் ஒரு பாதை, கோடு 1540 ஹெர்ட்ஸ் பக்கம். 560 ஓமும் 4.7 மைக்ரோவும் இன்னொன்று, கோடு 60 ஹெர்ட்ஸ். மேல்சத்தத்துக்கு ஒரு பெருக்கம், அடிச்சத்தத்துக்குத் தனியாக, குறைவாக ஒரு பெருக்கம்.

இதை ஃபீட்பேக்கில் வெட்டும் உங்கள் சர்க்யூட்டுக்குக் கொண்டுவாருங்கள். 4.7 கே, 47 நானோ அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் 22 கே, 220 நானோ என்று இரண்டாவது பாதை. 82 ஹெர்ட்ஸில் பெருக்கம் 13லிருந்து 32 ஆகும், நடுச்சத்தம் பெரிதாக மாறாது. 100 நானோவில் 300 ஹெர்ட்ஸ் பக்கமும் சேர்ந்து ஊதும், இதில் அடிச்சத்தம் தனியாக உங்கள் கைக்கு வரும்.

பதிவு 8 · மூணரைக்கட்டை

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். டியூப் ஸ்கிரீமரில் ராட்டின் ஒரு காலை ஒட்டவைத்தால் அது "சொந்த வடிவமைப்பு" ஆகிவிடுமா? தலைப்பைப் பார்த்து ஆசையாக வந்தேன்.

பதிவு 9 · கரகரப்பு

இந்தக் கேள்வி வருடத்துக்கு இரண்டு தடவை வரும், சண்டையில் முடியும். இந்தத் தடவை சண்டை வேண்டாம்.

பாஸ் நிறுவனத்தின் ஓடி-1 பெடல் வந்தது 1977ல். ஆப்-ஆம்ப், ஃபீட்பேக்கில் டையோடு, ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. அதில் டோன் குமிழே இல்லை. அப்புறம் வந்த டியூப் ஸ்கிரீமரை ஐபனீஸுக்காக மேக்ஸான் நிறுவனத்து ஆட்கள் செய்தார்கள், வடிவமைத்தவர் சுசுமு தமுரா. டையோடு இரு பக்கமும் சமம், பின்னால் டோன் பகுதி. 1981ல் பாஸின் எஸ்டி-1, சமமில்லாத டையோடும் டோனும் சேர்ந்தது. தாளில் வரைந்தால் மூன்றும் அண்ணன் தம்பி. வாசித்தால் மூன்றும் மூன்று ஆள்.

கிளான் சென்டார் பெடலை எடுங்கள். 1994ல் பில் ஃபினிகன் வெளியிட்டார், யாரும் பார்க்கக் கூடாது என்று போர்டின் மேல் எபாக்ஸியை ஊற்றி மூடினார். பின்னாளில் அதையும் சுரண்டி வரைந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது மந்திரம் இல்லை: ஜெர்மேனியம் டையோடு, டிஎல்072, மின்னழுத்தத்தைக் கூட்ட ஒரு சிப். ஒவ்வொன்றும் கடையில் கிடைக்கிற சாமான். புதிது எது என்றால், கெய்ன் குமிழ் இரட்டைப் பாட். ஒரு பாதி டிரைவைக் கூட்டும்போது மறு பாதி வெட்டாத சத்தத்தின் கலவையை மாற்றுகிறது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் கலவை சரியாக இருக்கும்படி யாரோ உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அமைத்திருக்கிறார்கள். அதைத்தான் நான் சொந்தம் என்பேன்.

அடுத்தவர் போர்டின் படத்தை அப்படியே எடுத்து, புதுப் பெயரும் புலிப் படமும் ஒட்டி, "பூட்டிக்" என்று மூன்று மடங்கு விலைக்கு விற்பது வேறு விஷயம். அதைப் பற்றித் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

பதிவு 10 · மூணரைக்கட்டை

ஏற்கிறேன், பாதி. சிப்பே இல்லாமல் தனி டிரான்சிஸ்டரில் செய்தால்தான் எனக்குத் திருப்தி. 1995ல் வந்த பாஸின் ப்ளூஸ் டிரைவரில் ஆப்-ஆம்பையே தனித்தனி டிரான்சிஸ்டராகக் கட்டியிருக்கிறார்கள். தம்பி, ஜேஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டரில் முயலுங்களேன். ஜே201 மூன்று போட்டால் குட்டி வால்வு ஆம்ப் மாதிரியே இருக்கும்.

பதிவு 11 · ஈயப்புகை

முதல் சொந்தப் பெடலுக்கு ஜே201 வேண்டாம் என்பேன். ஒரே பையிலிருந்து எடுத்த பத்தும் பத்து விதமாக இருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் ட்ரிம்பாட் (போர்டிலேயே திருகி வைக்கும் சின்னப் பாட்) வைத்து டிரெயின் காலில் 4.5 வோல்ட் பக்கம் நிறுத்த வேண்டும். கால் வைத்த ஜே201 இப்போது கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தால் போலியா என்று பார்க்க வேண்டும், நிஜமானது பெரும்பாலும் எள்ளுப்பொடி சைஸில் எஸ்எம்டியாகத்தான் (போர்டின் மேலேயே ஒட்டும் வகை) வருகிறது. என் மேசையிலிருந்து தரையில் விழுந்தவை எத்தனையோ, இன்னும் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

பதிவு 12 · ஆறுகம்பி

இரண்டு பாதை வேலை செய்கிறது! இதற்கு மேல் ஒரு யோசனை வந்தது. 22 கேயை நிரந்தரமாக வைக்காமல் 10 கே ரெசிஸ்டரும் 100 கே பாட்டும் வரிசையாக வைத்தேன். எங்கள் குழுவில் வாசிக்கும்போது அடிச்சத்தம் கூட்டலாம், பேஸ் கிட்டார் இருக்கிற நண்பர்கள் கூட்டத்துக்குப் போனால் குறைக்கலாம். குமிழுக்குக் "கனம்" என்று பெயர் வைத்தேன்.

இரண்டு பிரச்சினை. ஒன்று, பாட்டில் எல்லா மாற்றமும் கடைசி ஓரத்திலேயே நடக்கிறது. முக்கால் தூரம் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது, அப்புறம் திடீரென்று குண்டாகிவிடுகிறது. இரண்டு, டிரைவ் முழுக்கப் போனால் "கீ..." என்று விசில்.

பதிவு 13 · கரகரப்பு

முதலாவதற்கு: நேர்கோட்டுப் பாட் (திருப்பும் அளவுக்கு ஒரே சீராக மாறுவது) போட்டிருப்பீர்கள். பெருக்கம் ரெசிஸ்டரின் தலைகீழ் விகிதத்தில் போகிறது. 110 கேயிலிருந்து 60 கே வரை வந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது, 30க்குக் கீழே வந்ததும் ஓடும். இதற்குத் தேவை தலைகீழ் லாக் பாட், முதலில் வேகமாகவும் கடைசியில் மெதுவாகவும் மாறுவது. கடையில் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சாதாரண லாக் பாட் எங்கும் கிடைக்கும், அதைப் போட்டால் மாற்றம் சீராக வரும். ஆனால் குமிழ் தலைகீழாகிவிடும், வலப்பக்கம் திருப்பினால் கனம் குறையும்.

வெட்கப்பட வேண்டாம், ராட்டின் ஃபில்டர் குமிழும் தலைகீழ்தான். வலப்பக்கம் திருப்பத் திருப்ப இருட்டு.

விசிலுக்கு: உள்ளே வருகிற கம்பியும் வெளியே போகிற கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றனவா? இந்தச் சர்க்யூட்டில் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே திசையில் ஆடுகின்றன. நூறு மடங்கு பெருக்கிய சத்தத்தில் துளி திரும்பி நுழைந்தாலும் சுற்றிச் சுற்றிக் கத்தும். பிரித்துப் போடுங்கள், உள்ளே வருவதற்கு ஷீல்டு கம்பி. உலோகப் பெட்டிக்குள் போனதும் பாதி அடங்கும். பெட்டியின் உள்பக்கப் பெயிண்டைச் சுரண்டாமல் ஜாக்கை மாட்டினால் தரையே கிடைக்காது, அதையும் பாருங்கள்.

பதிவு 14 · பழையவால்வு

சாக்கெட் சோதனை முடிந்தது. பேரன்தான் சிப்பை மாற்றினான், நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான். இந்த இழையில் இதற்கு மேல் சிப்பைப் பற்றிப் பேச மாட்டேன்.

9 வோல்ட்டுக்குப் பதில் 18 வோல்ட் கொடுப்பதைப் பற்றிப் பேசலாமா? தம்பி, கிளானில் இருப்பதுபோல மின்னழுத்தம் கூட்டுகிற சிப்பைப் போட்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

பதிவு 15 · ஈயப்புகை

ஃபீட்பேக்கில் டையோடு இருக்கும்வரை முதல் நிலைக்கு 9 வோல்ட்டே அதிகம், சார். அவருக்கு அதில் லாபமில்லை. வேறு யாராவது படித்துவிட்டுப் போடுவதாக இருந்தால்: மின்னழுத்தம் கூட்டும் டிசி1044எஸ் சிப்பில் முதல் காலை எட்டாம் காலோடு சேருங்கள். இல்லாவிட்டால் அது 10 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் துடிக்கும், ஆம்பில் கொசு பாடும். சேர்த்தால் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். சாதாரண ஐசிஎல்7660ல் அந்த வசதியும் இல்லை, 10 வோல்ட்டுக்கு மேல் தாங்கவும் செய்யாது. 9 என்று எழுதிய மலிவு அடாப்டரை மீட்டரில் பார்க்காமல் குத்தினேன், அது சும்மா இருக்கும்போது 13 கொடுத்தது. சிப்பின் முதுகில் பொத்தல். என் பெயரின் பின்பாதி அன்று வந்ததுதான்.

சிசிடிவி அடாப்டரையும் தொடாதீர்கள். 12 வோல்ட், நடுவில் பிளஸ். பெடலுக்கு நடுவில் மைனஸ். வாசலிலேயே 1என்5817 டையோடு ஒன்றை வரிசையில் வைத்துவிட்டால் தலைகீழாகக் குத்தினாலும் பெடல் பிழைக்கும்.

பதிவு 16 · ஆறுகம்பி

முடிந்தது. கம்பிகளைப் பிரித்ததும் விசில் போய்விட்டது. கேட்டவர்களுக்காக மதிப்புகள்:

உள்ளே 22 நானோ, 1 மெக் ரெசிஸ்டர். டிஎல்072, சாக்கெட்டில் (பழையவால்வு சார் எப்போதாவது மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்). ஃபீட்பேக்கில் 51 கேயும் 500 கே டிரைவ் பாட்டும், மேலே 100 பிகோ. 51 பிகோ போட்டால் சிங்கிள் காயிலில் பல் கூசியது. டையோடு 1என்4148, ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. சமமாகப் போட்டதற்கும் இதற்கும் மெதுவாக அடிக்கும்போது ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது, இருப்பதாக நினைக்கிறேன், டிரம்மரிடம் கேட்கவில்லை. தரைக்கு முதல் பாதை 4.7 கே, 47 நானோ. இரண்டாவது பாதை 10 கே, 100 கே லாக் பாட், 220 நானோ.

டியூப் ஸ்கிரீமரின் டோன் பகுதியை எடுத்துவிட்டேன். அது 720 ஹெர்ட்ஸிலேயே மழிக்க ஆரம்பிக்கிறது. முன்னால் அடிச்சத்தத்தை வெட்டிய பெடலுக்கு அது பொருந்தும், என் பெடலில் எல்லாம் கம்பளிக்குள் போய்விட்டது. பதிலாக 1 கேயும் 25 கே பாட்டும் வரிசையாக, அங்கிருந்து தரைக்கு 10 நானோ. ஒரு கோடியில் 16 கிலோ ஹெர்ட்ஸ், மறு கோடியில் 600 பக்கம். அப்புறம் இரண்டாவது ஆப்-ஆம்ப் இரண்டு மடங்கு பெருக்கி 100 கே வால்யூமுக்கு அனுப்புகிறது. மின்சாரத்துக்கு 100 ஓம், 100 மைக்ரோ. பாதி வோல்ட்டுக்கு இரண்டு 10 கே, 47 மைக்ரோ.

டிரைவ் முழுக்க இருக்கும்போது, புதுக் குமிழ் முழுக்க இடப்பக்கம் இருந்தால் 82 ஹெர்ட்ஸுக்கு 50 மடங்கு. டிரைவ் குமிழ் (கடிகார முள் கணக்கில்) ஒன்பது மணிக்கு மேல் போனால் அங்கே பழைய "புர்ர்" வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். புதுக் குமிழைப் பதினொரு மணியில் வைத்தால் எங்கள் குழுவுக்கு அப்படியே பொருந்துகிறது. முழுக்க வலப்பக்கம் 15 மடங்கு, கிட்டத்தட்ட டியூப் ஸ்கிரீமர்.

தலைகீழ்ப் பாட் தேடி இரண்டு சனிக்கிழமை அலைந்தேன், கிடைக்கவில்லை. அதனால் குமிழின் பெயரை மாற்றிவிட்டேன். "கனம்" போய் இப்போது "ஒல்லி". வலப்பக்கம் திருப்பினால் ஒல்லி கூடும்.

டிரம்மர் கேட்டுவிட்டு "இது வேற பெடல்" என்றான். பேட்டரியில்தான் ஓட்டினேன், நாளை அடாப்டர் மாட்டப் போகிறேன். பெட்டியின் உள்படம் கீழே.

பதிவு 17 · கரகரப்பு

ஒல்லி! இதை நானும் திருடிக்கொள்கிறேன்.

படத்தில் டிசி ஜாக் உலோகத்தில் இருக்கிறதே? நடுவில் மைனஸ் என்றால் அந்த ஜாக்கின் உடம்பு பிளஸ். உங்கள் பெட்டியோ தரை. இரண்டும் அங்கே தொட்டுக்கொண்டிருக்கின்றன. அடாப்டரைக் குத்தாதீர்கள்.

பதிவு 18 · ஆறுகம்பி

ஐயோ. மீட்டரில் பார்த்தேன், பீப் அடிக்கிறது. நன்றி அக்கா. கடை ஒன்பது மணி வரைதான், பிளாஸ்டிக் ஜாக் வாங்கிவிட்டு வருகிறேன்.